தூக்க வேண்டிய மாமன்

இதயக் குழாயில் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து நான் வீட்டுக்கு வந்த அதே மாதத்தில்தான் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம். அக்கா ஆனைமலைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் குடியிருக்கிறாள். போனில் எல்லாவற்றையும் சொன்னாள். மண்டபம் பிடித்தது, சமையலுக்கு ஆள் பேசியது, பட்டு எடுக்கப் போகும் நாள் எல்லாம் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் வகையறாவில் கல்யாணத்தன்று பெண்ணைத் தாய்மாமன் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மணவறையை மூன்று சுற்று வர வேண்டும். இப்போது பல கல்யாணங்களில் இதைப் பேருக்குச் செய்கிறார்கள். ஓரடி தூக்கி இறக்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோகிறார்கள். அக்கா வீட்டில் அதை விடவில்லை. அவளுடைய மூத்த மகளை நான்தான் தூக்கினேன். மூன்று சுற்றும் முழுதாக வந்தேன். அப்போது சின்னவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. மணவறைக்குக் கீழே நின்று கையைத் தட்டிக்கொண்டு, "மாமா, என்னையும் இப்படித்தான் தூக்கோணும்" என்று கத்தியது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. அக்காவுக்கு நான் ஒரே தம்பி.

நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து அங்கேயே இருந்துவிட்டேன். விசேஷ வீடுகளுக்குப் போனால் ஓரமாக ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்து, பந்திக்கு எழுந்து, சாப்பிட்டதும் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவேன். யாரும் என்னைத் தேடுவதில்லை. எனக்கும் அதில் குறை இல்லை. அந்த மூன்று சுற்றுக்கு மட்டும்தான் ஒரு மண்டபமே என்னைத் தேடியது. "மாமன் எங்கீங்க? மாமனைக் கூப்பிடுங்க" என்று மைக்கில் சொன்னார்கள். ஐம்பது வயதுக்குள் என்னை மைக்கில் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். அதனால் சின்னவளுக்குத் தையில் கல்யாணம் என்று கேட்டதும் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. கையை விரித்துப் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். வாய்க்கு வந்தது வேறு.

"வெயிட்டு கியிட்டுத் தூக்கலாமுங்களா?"

"எதுக்குத் தூக்கணும்? பட்டறையில தூக்கற வேலையா?"

"இல்லீங்க. சும்மாதானுங்க கேட்டேன்."

என் மனைவி பக்கத்தில் இருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். டாக்டர் நடக்கச் சொன்னார். காலையில் நடங்கள், மெதுவாக ஆரம்பியுங்கள், நாடித்துடிப்பு இந்த எண்ணைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நின்றுவிடுங்கள் என்று ஓர் எண்ணைச் சொன்னார். அதை அளக்க இப்போது கருவிகள் வந்திருக்கின்றன, வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அந்த எண்ணை என் மனைவி வெளியே வரும் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

காந்திபுரத்தில் உடற்பயிற்சிச் சாமான்கள் விற்கிற கடை ஒன்றுக்குப் போனோம். கடையில் இருந்த பெண் எங்கள் முன்னால் இரண்டு டப்பாக்களைத் திறந்து வைத்தாள். ஒன்று தீப்பெட்டி அளவில் இருந்தது. இடுப்பில் செருகிக்கொண்டால் எத்தனை அடி நடந்தோம் என்று காட்டும். மற்றது நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிற ஒரு பட்டை, அதோடு ஒரு கைக்கடிகாரம். இதயம் எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பதைப் பட்டை கண்டுபிடித்துக் கடிகாரத்தில் காட்டும்.

"கையில கட்டற வாட்சுலயே ரெண்டும் வர்றது இருக்குங்க சார். ஆனா கைய மடக்குனா, வேர்த்தா, அது சித்தெ தடுமாறும். ஹார்ட்டுக்குன்னா நெஞ்சுல கட்டறதுதான் சரியாக் காட்டும். உங்களுக்கு எதுக்குங்க சார்?"

"நடக்கறதுக்குத்தானுங்க" என்றேன்.

"அப்ப ஒருக்கா கட்டிப் பாத்துருங்க சார். சட்டையைக் கழட்ட வேண்டாம், பட்டனை மட்டும் எடுத்துவிடுங்க."

கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். காலேஜ் பையன்கள் இரண்டு பேர் பந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தத் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். "ஏனுங்க, டாக்டர் சொன்னது அந்தப் பட்டையைத்தானுங்க?"

"நடந்தாச் சரியாப் போயிரும். நடக்கறது தெரிஞ்சாப் போதும்."

"பட்டனை எடுக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு வந்துபோட்டு, பேச்சைப் பாருங்க."

அவள் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியை நான் அவளிடம் சொல்லவில்லை. அந்தக் கருவிகளில் ஒன்றில் எண் ஏற ஏறச் சந்தோஷப்படலாம். இன்னொன்றில் எண் ஏற ஏறப் பயப்பட வேண்டும். எனக்குச் சந்தோஷப்படுகிற எண்தான் அப்போது வேண்டியிருந்தது.

புரட்டாசி முழுக்க நடந்தேன். விடிந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஸ்கூல் மைதானத்தைச் சுற்றிவருவேன். முதலில் மூன்று சுற்றுக்கே கால் கடுத்தது. பிறகு பழகிவிட்டது. சாயங்காலம் பட்டறையிலிருந்து பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வருவேன். ராத்திரி படுக்கப் போகும் முன் இடுப்பிலிருந்து அதை எடுத்துப் பார்ப்பேன். நேற்றைவிட இன்று அதிகம். முந்தின வாரத்தைவிட இந்த வாரம் அதிகம். ஒரு கட்டத்தில் நிலைமை என்னவானது என்றால், எண் குறைவாக இருந்தால் வீட்டுக்குள்ளேயே நடந்து ஏற்றிவிட்டுத்தான் படுப்பேன்.

"சமையல் ரூமுக்கும் வாசலுக்கும் எத்தன தடவ போவீங்க? பாக்கறவங்க என்னமோ சாவி தொலைஞ்சுபோச்சுன்னு நெனைப்பாங்க" என்பாள் மனைவி.

"கணக்குக் கொறையுது."

"யாருங்க கேக்கறாங்க அந்தக் கணக்கை?"

யாரும் கேட்கவில்லைதான். ஆனால் மனதுக்குள் நான் அந்த எண்ணை மணவறையோடு சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணவறையைச் சுற்ற எத்தனை அடி ஆகிவிடும்? இத்தனை தூரம் நடக்கிறவனுக்கு அது ஒரு தூரமா? இப்படித்தான் நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு அது சரியான கணக்காகவே பட்டது.

ஐப்பசியில் பட்டு எடுக்க அக்கா கூப்பிட்டாள். பொள்ளாச்சி பஸ்ஸில் நானும் மனைவியும் போனோம். வழியெல்லாம் ரோட்டு வேலை. பஸ் குலுங்கிக்கொண்டே போனது. இறங்கியதும் பழக்கத்தில் இடுப்பைப் பார்த்தேன். காலையில் நடந்ததைவிட அதிகமாக எண் ஏறியிருந்தது. நான் உட்கார்ந்தேதான் வந்தேன். மனைவியிடம் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்ப தெனம் பஸ்ஸுல போயிட்டு வாங்க. உடம்பு தேறிரும்."

நானும் சிரித்தேன். ஆனால் அன்று துணிக்கடையில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அது என்னை விடவில்லை. குலுக்கினால் போதும், அது எண்ணிக்கொள்ளும். குலுங்குவது நானா பஸ்ஸா என்று அதற்குத் தெரியாது. எனக்குள் என்ன நடக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் புதிதாக வாங்கிய அரிசிச் சிப்பம் ஒன்று பிரிக்காமல் இருந்தது. இருபத்தைந்து கிலோ. கல்யாணப் பெண் அதைப் போல இரண்டு மடங்கு இருப்பாள். சரி, இதை முதலில் பார்ப்போம் என்று குனிந்து இரண்டு கையிலும் ஏந்தித் தூக்கினேன். தூக்கிவிட்டேன். கூடத்தில் ஒரு சுற்று வந்தேன். இரண்டாவது சுற்றில் காது அடைத்தது. நெஞ்சுக்குள் யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது போல இருந்தது. சிப்பத்தை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். வேர்த்து ஊற்றியது. வலி இல்லை. வலி வரப் போகிறதோ என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு தணிந்தது.

இடுப்பில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் கூடியிருந்தது. என் உயிரே போய்விடுமோ என்று நான் உட்கார்ந்திருந்தேன். அதன் கணக்கில் அது நான் வாசல் வரை போய் வந்தது மாதிரி.

எங்கள் பட்டறையில் மோட்டாருக்குப் பக்கத்தில் ஆம்பியர் மீட்டர் இருக்கும். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது பெரிய விஷயம் இல்லை. லோடு ஏறும்போது முள் எங்கே போகிறது என்பதைத்தான் பார்ப்போம். முள் சிவப்புக்குப் போனால் நிறுத்திவிடுவோம். முப்பது வருஷமாக அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். என் விஷயத்தில் மட்டும் ஓடின தூரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அதே கடைக்குப் போனேன். அந்தப் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். ஒன்றும் கேட்காமல் பட்டையை எடுத்து வைத்தாள்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். சிப்பத்தைத் தூக்கியதைச் சொன்னதும் அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"இதையா மனசுல வெச்சுக்கிட்டு இருந்தீங்க? அந்தப் புள்ளையத் தூக்கறதையா?"

"அக்கா கேக்கவே இல்ல. கேக்கலீன்னா, நாந்தான் தூக்குவேன்னு இருக்கறான்னுதானே அர்த்தம்?"

"கேட்டா நீங்க சங்கடப்படுவீங்கன்னு கேக்காம இருப்பாங்க. நீங்க சொன்னா அவங்க சங்கடப்படுவாங்கன்னு சொல்லாம இருக்கறீங்க. நல்ல அக்காளுந் தம்பியும்."

பிறகு அவளே பட்டையை எடுத்து என் நெஞ்சில் கட்டினாள். கொக்கியை மாட்டி, கடிகாரத்தைக் கையில் கட்டிவிட்டாள். எண் வந்தது. உட்கார்ந்திருக்கும்போது டாக்டர் சொன்ன எண்ணுக்கு எவ்வளவோ கீழே இருந்தது. நாலைந்து நாள் அதைக் கட்டிக்கொண்டு நடந்தேன். எண் எல்லைக்குப் பக்கத்தில் போகும்போது மெதுவாக்கினேன். முன்னால் நான் வேகமாக நடந்த தூரமெல்லாம் எல்லையைத் தாண்டி நடந்தவை என்று அப்போதுதான் தெரிந்தது. எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று கடைசிச் சுற்றில் ஓட்டமும் நடையுமாகப் போவேன்.

ஒருநாள் காலையில் மனைவி வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வாங்க. என்னைத் தூக்கிப் பாருங்க."

"என்ன வெளையாட்டு இது?"

"சிப்பத்தைத் தூக்கத் தெரிஞ்சதில்ல? கல்யாணமாகி இத்தன வருசத்துல ஒருநாளாச்சும் தூக்குனீங்களா? இதையாவது பாத்துக்கறேன். நானே வாட்சைப் பாக்கறேன். சொன்னா உடனே இறக்கி உட்டுரோணும்."

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் வந்தது. அவள் முகத்தில் சிரிப்பில்லை. தூக்கினேன். அவள் ஒரு கையை என் தோளில் போட்டுக்கொண்டு இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். நான் ஓரடி எடுத்து வைத்தேன். இன்னொன்று.

"இறக்கி உடுங்க."

"இன்னொரு ரெண்டடி..."

"இறக்கி உடுங்கன்னு சொல்றனில்ல!"

இறக்கினேன். அவள் எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. நானே பார்த்தேன். எல்லை எப்போதோ போய்விட்டிருந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, அது ஒவ்வொன்றாக இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் என் மணிக்கட்டை விடவே இல்லை.

மறுவாரம் டாக்டரிடம் இருந்ததை இருந்தபடி கேட்டேன். அக்கா மகள், கல்யாணம், மூன்று சுற்று எல்லாம் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்குவது உங்களுக்கு இப்போது கூடாது என்றார்.

"தைக்குள்ள சரியாயிருமுங்களா?"

"நடந்துட்டே இருங்க, நல்லா இருப்பீங்க. ஆனா இந்தத் தையில தூக்காதீங்க."

அதற்கடுத்த ஞாயிறு ஆனைமலைக்குப் போனேன். அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். போய் உட்கார்ந்ததும் இலை போட்டார்கள். அக்கா மகளும் ஒரு தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தட்டில் வெள்ளரிக்காயும் ஒரு கரண்டி சோறும்தான் இருந்தது. முகம் ஒடுங்கியிருந்தது.

"ஏங்கண்ணு, உடம்பு செரியில்லியா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கறேன் மாமா. டயட்டு."

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "டயட்டாமா டயட்டு! ரெண்டு மாசமாச் சோறே திங்கறதில்ல. நீ தூக்கோணுமாம், மாமனுக்குப் பாரமா இருக்கக் கூடாதாம். நாஞ் சொன்னாக் கேக்கறாளா? நீயே கேளு தம்பி."

அவள் தலையைக் குனிந்துகொண்டு வெள்ளரிக்காயைத் தின்றாள். எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. நான் அங்கே நடந்து நடந்து எண்ணை ஏற்றிக்கொண்டிருந்த அதே இரண்டு மாதமும் இந்தப் பிள்ளை இங்கே பட்டினி கிடந்து எடையை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னால தூக்க முடியாது சாமி" என்றேன். "டாக்டரு வேண்டாம்னுட்டாரு. நீ சோறு தின்னு."

அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். கையில் ரசக் கரண்டி. கண் கலங்கியதா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு கேட்டாள்.

"அப்ப யாரு தம்பி தூக்கறது? மாமன்னு நீ ஒருத்தன்தானே இருக்கறே. இவ அப்பா ஊட்டுப் பக்கம் கேட்டாங்க, பங்காளியில யாரையாச்சும் தூக்கச் சொல்லிரலாமான்னு. என்ற தம்பி இருக்கறான்னு சொல்லிப்போட்டேன்."

"யாருந் தூக்க வேண்டாமுங்கக்கா. நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுச் சுத்தி வாரேன்."

"மண்டபத்துல கேப்பாங்களே?"

"கேட்டா நான் சொல்லிக்கறேனுங்க."

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பக்கத்தில் பிள்ளை சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அக்கா வந்து அவள் தட்டில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள்.

தை பிறந்தது. விடியற்காலை முகூர்த்தம். மண்டபம் நிறைந்திருந்தது. நான் வேட்டி, பட்டுத் துண்டோடு மணவறைக்குப் பக்கத்தில் நின்றேன். சட்டைக்குள் பட்டையைக் கட்டி அனுப்பியிருந்தாள் மனைவி. எங்கள் கல்யாணங்களில் சீர்களை நடத்திவைக்கிற அருமைக்காரர் வயதானவர், குரல் கணீரென்று இருக்கும். அவர் மைக்கைப் பிடித்தார்.

"மாமன் வாங்க. பொண்ணைத் தூக்குங்க."

மாப்பிள்ளை வீட்டார் பக்கமிருந்து சத்தம் வந்தது. "மாமா, நல்லாச் சாப்பிட்டீங்களா? கீழ போட்டுராதீங்க!" "பொண்ணு கனமுங்க, பாத்து!" எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. கல்யாண வீட்டுச் சிரிப்புத்தான். போன்களைத் தூக்கிப் பிடித்தார்கள்.

நான் அருமைக்காரரிடம் மெதுவாகச் சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். அவருக்குக் காது மந்தம். "என்னதுங்க?" என்று மைக்கை என் வாய்ப்பக்கம் நீட்டினார்.

"எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்குதுங்க. தூக்கக் கூடாதுங்க. நடத்திக் கூட்டிட்டு வாரேனுங்க."

மண்டபம் முழுக்க என் குரல் கேட்டது. அது என் குரல் மாதிரியே இல்லை. சிரிப்பு நின்றது. நாதஸ்வரக்காரர் கூட நிறுத்திவிட்டார். மணிக்கட்டில் எண் தாண்டியிருக்கும். நான் பார்க்கவில்லை. பாரம் எதுவும் தூக்காமலே காது அடைத்தது.

அருமைக்காரர் மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார். "மாமன் கை பட்டாப் போதுமுங்க. சுத்தி வாங்க."

நாதஸ்வரம் மறுபடி எழுந்தது. பிள்ளை கையை நீட்டினாள். மருதாணியும் மாலையும் மணத்தன. பட்டுச் சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். அது சேலைக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை. மூன்றாவது சுற்றில், "மாமா, மூச்சு வாங்குதுங்களா?" என்று உதடு அசையாமல் கேட்டாள். "இல்ல கண்ணு" என்றேன். உண்மையில் வாங்கவில்லை. சுற்றி முடித்து அவளை மணவறையில் உட்கார வைத்தேன். அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவ்வளவுதான். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது, இருக்கத்தான் செய்யும். எனக்கும் இருந்தது. கையில் பாரம் இல்லாமல் இறங்கி வந்தேன்.

மதியப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர், என் வயதுதான் இருக்கும், பெரிய மீசை, வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தார். மண்டபத்தில் முதலில் சத்தம் போட்டுக் கேலி செய்தவர் அவர்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் இலையில் தண்ணீரைத் தெளித்துத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"எனக்கும் வெச்சிருக்குதுங்க. ரெண்டு. ஊட்டுல தவிர ஆருக்கும் தெரியாதுங்க."

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவரே கேட்டார்.

"நடக்கறீங்களா?"

"நடக்கறேனுங்க."

"எப்படீங்க தெரியும், எவ்வளவு நடக்கலாம்னு? நான் பாட்டுக்குத் தோட்டங்காட்டைச் சுத்தறேன். ஒரு நாளைக்கு என்னமோ பண்ணுது. நின்னுக்கறேன்."

நெஞ்சில் கட்டுகிற பட்டையைப் பற்றிச் சொன்னேன். அடி எண்ணுகிறது வேண்டாம், இதை வாங்குங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். பஸ் குலுங்கியதைச் சொன்னேன், சிப்பத்தைச் சொன்னேன். என் மனைவியைத் தூக்கியதைக்கூடச் சொன்னேன். முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் நான் இவ்வளவு பேசியதில்லை. அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். சாம்பார் வந்து ஊற்றிவிட்டுப் போனார்கள். இரண்டு பேரும் பிசையவில்லை.

"பயமா இருக்குதுங்களா?" என்றார்.

"இருக்குதுங்க."

"எனக்குமுங்க" என்றார். பிறகு சோற்றில் கை வைத்தார். நானும் வைத்தேன்.